டாஷ்போர்டு வெளிச்சமும் ஒரு சின்னக் குமிழும்

கார் வாங்கப் போனால் மைலேஜ் கேட்போம், டிக்கியில் எத்தனை பெட்டி போகும் என்று கேட்போம், ஏ.சி. பின் சீட்டு வரை வருமா என்று கேட்போம். டாஷ்போர்டு வெளிச்சத்தை எவ்வளவு குறைக்க முடியும் என்று யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் சந்தாபுராவில் குடியிருந்து, வெள்ளிக்கிழமை ராத்திரி ஓசூர் ரோட்டில் ஏறி, விடிவதற்குள் மதுரையைத் தாண்டிவிட நினைக்கும் என்னைப் போன்ற ஆசாமிகளுக்கு இது முக்கியமான கேள்வி. நான் சோறு தின்பதும் கார் டிஸ்ப்ளேக்களுக்கு மென்பொருள் எழுதித்தான். அதனால் இந்த வெளிச்சத்தின் கதையை ஒரு தடவை முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் பெயர். டாஷ்போர்டு என்பது காருக்கு முன்பே வந்த சொல். குதிரை வண்டியில் குதிரையின் குளம்பு வாரியடிக்கும் சேறு ஓட்டுபவர் மேல் படாமல் இருக்க முன்னால் ஒரு பலகை வைத்திருந்தார்கள். அதுதான் டாஷ்போர்டு. குதிரை போய் எஞ்சின் வந்த பிறகும் பலகை நின்றுவிட்டது. அதில் ஒவ்வொன்றாக மீட்டர்களைப் பொருத்தினார்கள். பகலில் பிரச்சினை இல்லை. ராத்திரியில் மீட்டரை எப்படிப் படிப்பது?

ஆரம்பத்தில் கிடைத்த பதில்களில் ஒன்று ரேடியம். ரேடியத்தோடு துத்தநாக சல்ஃபைடைக் கலந்து எண்களின் மேல் பூசினால், மின்சாரமே இல்லாமல் பச்சையாக மின்னும். முதல் உலகப் போர்க் காலத்தில் விமான மீட்டர்களுக்கும் ராணுவக் கைக்கடிகாரங்களுக்கும் இது பெரிய வரப்பிரசாதம். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலம் ஆரஞ்சு நகரத்தில் 1917 முதல் இந்தப் பூச்சு வேலையை இளம் பெண்கள் செய்தார்கள். தூரிகையின் முனை கூராக இருக்க வேண்டும் என்று அதை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ரேடியம் வயிற்றுக்குள் போயிற்று. தாடை எலும்பு அரித்து, ரத்தம் கெட்டுப் பலர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928இல் சமரசமாக முடிந்தது. தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாற்றில் அந்த வழக்குக்குப் பெரிய இடம் உண்டு. இருட்டில் ஒரு முள்ளைப் பார்ப்பதற்கு மனிதர்கள் கொடுத்த விலை அது.

ரேடியம் போய்விட்டது. ஆனால் நம்ம ஊரில் பெயர் மட்டும் போகவில்லை. லாரிக்குப் பின்னால் ஒட்டும் மினுமினுப்பு ஸ்டிக்கரை இன்றைக்கும் 'ரேடியம்' என்றுதான் சொல்கிறோம். பைபாஸ் ஓரத்தில் ஸ்டிக்கர் வெட்டிக் கொடுக்கும் கடைகளின் பலகையிலும் அந்தப் பெயரைப் பார்க்கலாம். அந்த ஸ்டிக்கரில் ரேடியம் ஒரு துளிகூடக் கிடையாது, பயப்பட வேண்டாம்.

அடுத்து வந்தது பல்பு. மீட்டருக்குப் பின்னால் இரண்டு மூன்று வாட்டில் குட்டி பல்பு. கூடவே வந்தது இந்தக் கட்டுரையின் கதாநாயகன், ரியோஸ்டாட். ஒரு கம்பிச்சுருள், அதன் மேல் நகரும் ஒரு தொடுமுனை, வெளியே ஒரு சின்னக் குமிழ். திருகினால் மின்தடை கூடும், பல்புக்குப் போகும் வோல்ட் குறையும், வெளிச்சம் மங்கும்.

டங்ஸ்டன் பல்பின் குணம் ஒன்று இங்கே கைகொடுத்தது. வோல்ட் பாதியானால் வெளிச்சம் பாதியாகாது, பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். மங்க மங்க நிறமும் மஞ்சளிலிருந்து செம்மைக்கு நகரும். அதாவது குமிழைக் கொஞ்சம் திருகினாலே இருட்டுக்கு ஏற்ற மங்கலான, சிவந்த வெளிச்சம் கிடைத்துவிடும். யாரும் திட்டமிட்டுச் செய்த காரியம் இல்லை, பொருளின் இயல்பு அப்படி அமைந்துவிட்டது.

அந்தக் கால பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களான எம்.ஜி., ட்ரையம்ஃப், ஜாகுவார் எல்லாவற்றிலும் ஸ்மித்ஸ் மீட்டர்களும் லூகாஸ் மின்சாமான்களும்தான் இருக்கும். லூகாஸைப் பற்றி வெள்ளைக்காரர்களே ஒரு கிண்டல் சொல்வார்கள். லூகாஸ் சுவிட்சுக்கு மூன்று நிலையாம்: மங்கல், மினுக்கல், அணைந்தது. நம்ம பாடியில் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ் 1961இல் அந்த லூகாஸோடு கூட்டாகத் தொடங்கியதுதான். கிண்டல் இங்கிலாந்தோடு நின்றது, பாடிக்காரர்கள் கோபிக்க வேண்டாம் :-)

சரி, நம்ம ஊரில் ஸ்போர்ட்ஸ் கார் ஏது என்று கேட்பீர்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல வருஷம் பந்தயம் நடந்தது. கோயமுத்தூரில் கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள் செய்தார். 1995இல் அவர் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான். அதே கோயமுத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டினார். பெங்களூரில் சான் மோட்டார்ஸ் 1990களின் கடைசியில் 'சான் ஸ்டார்ம்' என்று ஃபைபர் கிளாஸ் உடம்பும் ரெனோவின் 1149 சிசி எஞ்சினுமாக இரண்டு இருக்கை வண்டி ஒன்றைக் கொண்டுவந்தது. பெரிய எண்ணிக்கையில் விற்கவில்லை. ஆனாலும் ஒரு காலத்தில் பெங்களூர்ச் சாலையில் அதைத் திரும்பிப் பார்க்காதவர் இல்லை.

மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் கோயமுத்தூரை விட முடியாது. பெரியநாயக்கன்பாளையத்தில் 1975இல் தொடங்கிய பிரீமியர் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் அண்ட் கண்ட்ரோல்ஸ், அதாவது பிரிக்கால், இந்தியாவின் எத்தனையோ பைக்குகளுக்கும் கார்களுக்கும் மீட்டர் செய்து கொடுத்திருக்கிறது. ஊரில் நம் அப்பா ஓட்டிய வண்டியின் முள் கோயமுத்தூர் முள்ளாக இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இனி வெளிச்சத்தின் அடுத்த கட்டம். பல்பு போதாது, வேறு மாதிரி வேண்டும் என்று தேட ஆரம்பித்தார்கள். 1960இல் கிரைஸ்லர் பல்பே இல்லாமல், ஏறத்தாழ 200 வோல்ட் மாறுமின்சாரத்தில் தானே ஒளிரும் பூச்சை மீட்டரில் வைத்தது. 1966 டாட்ஜ் சார்ஜரிலும் அதே வகை. எண்கள் காற்றில் மிதப்பது மாதிரி ஒரே சீரான வெளிச்சம். 1976இல் ஆஸ்டன் மார்ட்டின் லகோண்டா முள்ளையே தூக்கிப் போட்டுவிட்டு எல்.ஈ.டி. எண்களைக் காட்டியது. பார்க்கப் பிரமாதம், நம்பகத்தன்மை மட்டும் மகா மோசம். 1984இல் வந்த நான்காம் தலைமுறை கார்வெட் திரவப்படிகத் திரையைக் கொண்டுவந்தது. திரைக்குப் பின்னால் பல்பு. அந்தச் சூட்டிலேயே வருஷக்கணக்கில் கிடந்து திரையின் படலம் கெட்டுப்போவது பழைய கார்வெட் வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன தலைவலி. ஜப்பான்காரர்கள் பச்சை நீலமாக மின்னும் வி.எஃப்.டி.யை எடுத்துக்கொண்டார்கள். நம் வீட்டு வி.சி.ஆரில் மணி காட்டுமே, அதே சாமான்தான். 1999இல் ஹோண்டா எஸ்2000 ஃபார்முலா ஒன் பாணியில் வளைந்து ஏறும் எண்வரிசையைப் போட்டது.

இந்த இடத்தில் கதை திசை மாறுகிறது. அதுவரை கவலை 'போதுமான வெளிச்சம் இல்லையே' என்பது. இதற்குப் பிறகு 'வெளிச்சம் அதிகமாகிவிட்டதே' என்பது.

காரணம் கண்ணில் இருக்கிறது. நம் விழித்திரையில் கூம்பு செல், குச்சி செல் என்று இரண்டு வகை. பகலுக்குக் கூம்பு, இருட்டுக்குக் குச்சி. குச்சிக்குள் ரோடாப்சின் என்ற நிறமி உண்டு. வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும், முழுதாக மீண்டு வர இருபது முப்பது நிமிஷம் பிடிக்கும். சினிமா தியேட்டருக்குள் தாமதமாக நுழைந்து அடுத்தவர் காலை மிதிப்பது இதனால்தான். குச்சி செல்லுக்கு நீலமும் பச்சையும் நன்றாகத் தெரியும், ஆழ்ந்த சிவப்பு அநேகமாகத் தெரியாது. அதனால் சிவப்பு வெளிச்சத்தில் மீட்டரைப் படித்தால் இருட்டுப் பார்வை கெடுவதில்லை. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலிலும் விமான அறையிலும் சிவப்பு விளக்கு போட்டதன் ரகசியம் இது. பி.எம்.டபிள்யூ. தன் டாஷ்போர்டுக்கு ஏறத்தாழ 605 நானோமீட்டர் ஆரஞ்சுச் சிவப்பைப் பிடித்துக்கொண்டதற்கும் காரணம் இதே. விமானம் செய்த சாப் கம்பெனி ஒரு படி மேலே போய், 1990களில் தன் கார்களில் 'நைட் பேனல்' என்று ஒரு பொத்தான் வைத்தது. அமுக்கினால் ஸ்பீடோமீட்டர் தவிர எல்லாம் இருட்டாகிவிடும். அவசரம் என்றால் மட்டும் மற்றவை எழும். எனக்குத் தெரிந்து டாஷ்போர்டு வரலாற்றிலேயே புத்திசாலித்தனமான பொத்தான் அது. அந்த சாப் கார் கம்பெனி 2011இல் திவாலாகிவிட்டது, பொத்தானும் அதோடு போயிற்று.

அப்புறம் நீல எல்.ஈ.டி. வந்தது. 1993இல் ஜப்பானின் நிச்சியா கம்பெனியில் ஷூஜி நாகமுரா பிரகாசமான நீல எல்.ஈ.டி.யைச் செய்து காட்டினார். அந்தத் துறைப் பணிக்காக 2014இல் அகாசாகி, அமானோ ஆகியோரோடு சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார். அதிலிருந்து வெள்ளை எல்.ஈ.டி. வந்து, வீட்டு பல்பு முதல் செல்போன் வரை உலகமே மாறியது. டாஷ்போர்டும் நீலமாயிற்று. குச்சி செல்லைச் சட்டென்று உறுத்தும் நிறம் எதுவோ, அதுவே ஃபேஷனாகி வந்து உட்கார்ந்தது.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு கோயமுத்தூர் அண்ணன் இருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்த, இருபத்தைந்து வயது தாண்டிய இரண்டு இருக்கை வண்டி ஒன்றைக் குழந்தை மாதிரி வைத்திருக்கிறார். என்ன கம்பெனி என்பது இங்கே வேண்டாம். மீட்டர் பல்புகள் பழுத்துவிட்டன என்று யாரோ ஒரு மெக்கானிக் எல்லாவற்றையும் பிடுங்கி நீல எல்.ஈ.டி. மாட்டிவிட்டார்.

"தம்பி, லைட்டு மாத்துனதுல இருந்து நைட்டு ஓட்டவே முடியறதில்லீங்க. இந்தக் குமிழைத் திருகுனா முன்னெல்லாம் மங்கும். இப்ப திருகுனாலும் அப்படியே எரியுதுங்க" என்றார்.

"அண்ணா, குமிழ் நல்லாத்தான் இருக்கு. மாறினது பல்புதான்" என்றேன்.

கணக்கு இதுதான். ஒன்று 2.2 வாட் வீதம் நான்கு பல்பு என்று வையுங்கள். பன்னிரண்டு வோல்ட்டில் மொத்தம் முக்கால் ஆம்பியர் போல இழுக்கும். பத்து ஓம் ரியோஸ்டாட்டை முழுசாகத் திருகினால் பல்புக்கு ஏழரை வோல்ட் போலத்தான் மிஞ்சும், வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். எல்.ஈ.டி. நான்கும் சேர்ந்து இழுப்பதோ 0.08 ஆம்பியர். அதே பத்து ஓம் அதில் ஒரு வோல்ட்டைக்கூடக் குறைக்காது. குமிழ் வேலை செய்கிறது, ஆனால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

இதற்கு வழி துடிப்பு முறை. பி.டபிள்யூ.எம். என்பார்கள். எல்.ஈ.டி.யை ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான தடவை அணைத்து அணைத்து ஏற்றுவது. எரியும் நேரத்தைக் குறைத்தால் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். 1971இல் ஹான்ஸ் கேமன்சிண்ட் வடிவமைத்து, மறு வருஷம் சிக்னெட்டிக்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த 555 சிப் இதற்குப் போதும். நம்மில் பாதிப் பேர் காலேஜ் லேபில் தொட்ட அதே எட்டுக்கால் பூச்சிதான். எஸ்.பி. ரோட்டில் சிப், ஒரு மாஸ்ஃபெட், ஒரு திருகு மின்தடை எல்லாம் சில்லறைக் காசுக்குக் கிடைத்தன. சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட். இரண்டு ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் ஆயின. நீலத்தைக் கழற்றிவிட்டு மஞ்சள் கலந்த வெள்ளை மாட்டினோம்.

செய்ய நினைப்பவர்களுக்கு மூன்று விஷயம். ஒன்று, பாட்டரி வயரைக் கழற்றாமல் மீட்டரில் கை வைக்கக் கூடாது. இரண்டு, தனி ஃபியூஸ் போடாமல் எந்தச் சர்க்யூட்டையும் இணைக்கக் கூடாது. மூன்றுதான் முக்கியம்: ஆயில், டெம்பரேச்சர், பிரேக், ஹை பீம் எச்சரிக்கை விளக்குகளை மங்கல் வரிசையில் சேர்க்கவே கூடாது. மீட்டர் வெளிச்சம் மட்டும்தான் மங்கலாம். ஆயில் விளக்கு மங்கி நீங்கள் கவனிக்காமல் போனால் எஞ்சின் போய்விடும். வாரண்டியில் இருக்கும் புது வண்டியில் இதெல்லாம் தொடவே வேண்டாம்.

அண்ணன் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு "இப்பத்தானுங்க ரோடு தெரியுது" என்றார். டாஷ்போர்டை மாற்றியவர் ரோட்டைப் பற்றிப் பேசினார் பாருங்கள், விஷயம் அவ்வளவுதான்.

இதில் வயதுக்கும் பங்கு உண்டு. வயதாக வயதாகப் பாவை சுருங்கும், விழிவில்லை பழுப்பேறும். இருபது வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயது விழித்திரைக்குப் போய்ச் சேர்கிறது என்பார்கள். எதிரே ஹை பீம் அடித்துவிட்டுப் போனால் பார்வை திரும்பவும் அதிக நேரமாகும். பேரன் பேத்தியைப் பார்க்க வந்த அப்பா, "நீ தூங்குப்பா, கொஞ்ச தூரம் நான் ஓட்டுறேன்" என்று ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது, நமக்குச் சரியாக இருக்கும் திரை அவருக்குச் சரியாக இருக்காது.

எலக்ட்ரானிக் சிட்டி வரை மேம்பாலம் 2010இல் வந்தது. அது இறங்கும் இடத்திலிருந்து பொம்மசந்திரா, சந்தாபுரா, அத்திப்பள்ளி வரை கடை வெளிச்சம், டோல்கேட் வெளிச்சம். ஓசூரும் கிருஷ்ணகிரியும் தாண்டினால் திடீரென்று கும்மிருட்டு. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தொப்பூர் கணவாய் இறக்கம். விபத்துச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர். அந்த இருட்டில், லைட் இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரியை அரை நொடி முன்னால் பார்ப்பதா பின்னால் பார்ப்பதா என்பதைத் தீர்மானிக்கும் காரணங்களில் முகத்துக்கு நேரே எரியும் திரையும் ஒன்று. மணிக்கு நூறில் போனால் அரை நொடி என்பது பதினான்கு மீட்டர்.

இன்றைக்குத் திரைகள் பெரிதாகிக்கொண்டே போகின்றன. 2018இல் பெங்களூரின் ஏத்தர் ஸ்கூட்டரிலேயே ஏழு அங்குலத் தொடுதிரை வைத்துவிட்டார்கள். வெளிச்சத்தைச் சென்சார் பார்த்துக்கொள்ளும் என்கிறோம். பெரும்பாலும் பார்த்துக்கொள்ளவும் செய்கிறது. ஆனால் குமிழ் போய்விட்டது. வெளிச்சத்தைக் குறைக்க மெனுவுக்குள் மெனுவாக நுழைய வேண்டியிருக்கிறது. எண்பதில் போய்க்கொண்டே அதைச் செய்ய முடியாது.

எதிர்பாராத இன்னொரு சிக்கலும் முளைத்தது. பழைய காரில் ஹெட்லைட் போடாவிட்டால் டாஷ்போர்டும் இருட்டாக இருக்கும். 'அடடா, லைட் போடவில்லையே' என்று அதுவே சொல்லிவிடும். புதுத் திரைகள் எப்போதும் எரிகின்றன. அதனால் ஊர்வெளிச்சத்தில் ஹெட்லைட்டே போடாமல், டெயில் லைட் எரியாமல் ஓட்டுகிறார்கள். கனடாவில் இவற்றுக்குப் 'பேய் வண்டிகள்' என்று பெயர். அங்கே 2021 செப்டம்பர் முதல் புது வண்டிகளுக்கு விதி: பகல் விளக்கோடு டெயில் லைட்டும் எரிய வேண்டும், அல்லது இருட்டியதும் எல்லா லைட்டும் தானாக எரிய வேண்டும், அல்லது லைட் போடாதவரை டாஷ்போர்டு இருட்டாகவே இருக்க வேண்டும். நூறு வருஷமாக டாஷ்போர்டை எரிய வைக்கப் பாடுபட்டுவிட்டு, கடைசியில் அதன் இருட்டுக்கும் ஒரு வேலை உண்டு என்று சட்டத்தில் எழுத வேண்டி வந்துவிட்டது. டொரொண்டோ மக்கள் இதைக் கவனித்திருப்பீர்கள்.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருவில் ராத்திரிப் பந்தயம் நடந்தது. தடம் முழுக்கப் பகல் மாதிரி வெளிச்சம் போட்டுவிட்டார்கள். பந்தயக்காரர்களுக்கு அது கிடைக்கும். தொப்பூரில் நமக்குக் கிடைக்காது.

அதனால் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ கிளம்புமுன் ஐந்து நிமிஷம் செலவு செய்யுங்கள். வீட்டு வாசலில் இருட்டில் உட்கார்ந்து மீட்டர் வெளிச்சத்தை, எண்களைச் சிரமமில்லாமல் படிக்க முடிகிற அளவுக்குக் குறையுங்கள். நடுத்திரைக்கு 'இரவு' நிறத்தைப் போடுங்கள், அணைக்க முடிந்தால் அணையுங்கள். வழிகாட்டும் செல்போனைக் கண்ணுக்கு நேரே மாட்டாமல் கீழே தள்ளி மாட்டுங்கள். பின் சீட்டில் பிள்ளைகள் படம் பார்த்தால் அந்த வெளிச்சம் முன்கண்ணாடியில் விழுகிறதா என்று பாருங்கள். அப்பா ஓட்டப் போகிறார் என்றால் அவரையே உட்கார வைத்து, அவர் கண்ணுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுங்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அந்தக் குமிழ் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், பல பேருக்கு அது இருப்பதே தெரியாது.

பத்திரமாகப் போய் வாருங்கள். ஊரில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.